வோஷ்ரூமில் பதினைந்து நிமிடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் எதிரிகள் வந்து சொல்லத் தேவையில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அந்த வாயை ஒருத்திக்கு முன்னால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களும் என் வாழ்க்கையில் உண்டு. அவள் கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டில் அடுத்த கதவுக்காரி, சோமாலியாவிலிருந்து வந்தவள். ஏழு வயதில் தன் உடம்பில் பட்ட கத்தி, இப்போது ஏழு வயதாகிவிட்ட தன் மகளின் உடம்பில் படக்கூடாது என்று ஒற்றையாளாக நின்றவள். கோடை லீவில் பிள்ளையை ஊர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போவதற்குப் பிள்ளையின் மாமி ஒருத்தி ஆயத்தமாக இருந்தாள். போனால் அங்கே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்த கதை இது. இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு முதுகு நிமிர்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே பேக்கரியில் வேலை செய்தோம். பேக்கரி என்றால் கடையல்ல, பெரிய ஃபாக்டரி. பெல்ட்டில் பாண் ரொட்டி வந்துகொண்டே இருக்கும், நாங்கள் வரிசையாக நின்று பையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. ஒருத்தி வோஷ்ரூமுக்குப் போனால் பக்கத்தில் நிற்பவள் இரண்டு பேரின் பாணையும் பிடிக்க வேண்டும். அதனால் ஐந்து நிமிடத்துக்குள் போய் வந்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. அவளுக்கு மட்டும் பதினைந்து நிமிடம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும். திரும்பி வந்தவுடன் எங்கள் எல்லோரையும் விட வேகமாகக் கட்டுவாள். அதை யார் பார்த்தது?

"உவ உள்ளுக்கை போய் நித்திரை கொள்ளுறா போலை" என்று ஒருநாள் ஒரு குரல் கேட்டது. வேறு யாருடையதுமல்ல, என்னுடையதுதான். பெல்ட்டில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் நான் விடுவேனா? "நாளைக்கு ஒரு தலையணி கொண்டுவந்து குடுப்பம்" என்றேன். அவளுக்குத் தமிழ் விளங்காது. எங்களைப் பார்த்து அவளும் சிரித்தாள். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

வீட்டில் நாங்கள் நல்ல அயலவர்கள்தான். அவள் தங்கள் ஊர்ச் சமோசாவான சம்பூசா கொண்டுவந்து தருவாள். அதே தட்டில் நான் உழுந்து வடை வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். அவளுடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாகிவிட்டது போல நாங்கள் மணிக்கணக்காகக் கதைப்போம். அவள் சொன்னவற்றை இங்கே என் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதப்போகிறேன். என் நினைவில் அவள் அப்படித்தான் பேசுகிறாள்.

அந்த வசந்தகாலத்தில் டிவியில் இந்தப் பேச்சு அடிக்கடி வந்தது. சின்னப் பெண்பிள்ளைகளை வெட்டித் தைக்கும் வழக்கம் பற்றி, கனடா அதைச் சட்டத்தில் பச்சையாகவே குற்றம் என்று எழுதிவிட்டது பற்றி. பேக்கரியில் சாப்பாட்டு நேரம் எங்கள் மேசையிலும் அதே கதைதான்.

"பெத்த தாயே பிடிச்சுக் குடுப்பாளாமே! உதுகளும் தாய்மாரோ?"

"அங்கை எல்லாருக்கும் செய்யிறதாம். செய்யாட்டில் கலியாணம் நடவாதாம்."

"காட்டுச் சனம்."

நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை போட்டேன். நாலு மேசை தள்ளி அவள் தனியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சையும் அவளுடைய பதினைந்து நிமிடத்தையும் சேர்த்துப் பார்க்க என் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. திரும்ப வேலைக்கு மணி அடித்தது, எழுந்து போய்விட்டோம்.

வைகாசியில் என் மகள் பெரியபிள்ளையானாள். பன்னிரண்டு வயது. நான் என்றால் ஒரு தேங்காயை உடைத்து, தலைக்கு வார்த்து, ஒரு புதுச்சட்டை வாங்கிக் கொடுத்து விட்டிருப்பேன். ஆனால் என் கணவரின் அக்கா மார்க்கம் நகரிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் வந்து இறங்கிவிட்டா. மச்சாள் ஒரு காரியத்தில் இறங்கினால் இராணுவம் இறங்கியது போலத்தான். ஒரு பையில் முட்டை, ஒரு பையில் நல்லெண்ணெய், உழுத்தம்மா, வேப்பிலை. அந்தக் குளிர் தேசத்தில் வேப்பிலையை எங்கே பிடித்தாவோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிள்ளை ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகக்கூடாது, அறையை விட்டு வரக்கூடாது, ஆம்பிளைகள் முகத்தில் முழிக்கக்கூடாது. திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அன்ரி பையோடு வந்து போனா.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பீரியட்! ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுறீங்கள்?" என்று மகள் அழுதாள். வகுப்பில் எல்லோரும் ஏதோ பயணம் போகும் கிழமை அது. அவள் போக முடியவில்லை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மச்சாளை எதிர்த்துப் பேச என் நீளமான வாய்க்கும் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் காலை பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெய் விட்டு மச்சாள் கொண்டுவந்தா. இடுப்புக்குப் பலமாம். மகள் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். "கையைப் பிடியும்" என்றா மச்சாள். நான் பிடித்தேன். மச்சாள் மூக்கைப் பொத்தினா. பிள்ளை வீடு அதிரக் கத்தினாள். "ஐ டோன்ட் வோன்ட் இட்! ஸ்டொப்! லெட் மீ கோ!"

எங்கள் கட்டடத்துச் சுவர் சுவரா என்ன, பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுக்கலாம். ஒரு நிமிடம் ஆகவில்லை, கதவு இடிபட்டது. தட்டியது அல்ல, இடித்தது. திறந்தேன். அவள் நின்றாள். தலைத்துணி இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை, அன்று தலைமயிர் தெரிய நின்றாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"பிள்ளை எங்கை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள். மூடிய திரைச்சீலை, நிலத்தில் விரித்த துவாய், எண்ணெய்க் கையோடு அறையிலிருந்து வெளியே வந்த மச்சாள். அவளுடைய முகம் சாம்பலானது.

"கூப்பிடு. என்னட்டை நடந்து வரச் சொல்லு."

"அவளுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்று நான் மென்று விழுங்கினேன். இந்த விஷயத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வேறு தெரியவில்லை.

"நடந்து வரச் சொல்லு! இப்ப நடந்து வராட்டில் நான் பொலிசைக் கூப்பிடுவன்!" கதவைச் சாத்த முடியாதபடி செருப்பில்லாத காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"உவவுக்கு என்ன விசரே? ஆர் உவ?" என்றா மச்சாள்.

சத்தம் கேட்டு மகளே அறையை விட்டுப் பாய்ந்து வந்தாள். நாடியில் முட்டை வழிய, கோபத்தில் தாம்தூம் என்று நிலத்தை மிதித்துக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "அன்ரி, ரோ எக் குடிக்கச் சொல்லி ஃபோர்ஸ் பண்ணினம்! இட்ஸ் டிஸ்கஸ்டிங்!" அவள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை வாசலிலிருந்து வெளிக்கதவு வரை ஓடிவந்த அந்த இரண்டு கால்களையும். பிறகு அப்படியே கதவு நிலையோடு சரிந்து உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள்.

குசினியில் இருத்தி, என்ன நினைத்து வந்தாய் என்று கேட்டேன். இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது மச்சாள்தான். அவள் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கடை வீட்டிலையும் உப்பிடித்தான். திரை இழுத்து மூடினவை. பெரிய பொம்பிளையள் பையோடை வந்தவை. நல்ல சாப்பாடு தந்தவை. இண்டைக்கு நான்தான் பெரிய ஆள் எண்டு எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். பிறகு வெட்டித் தைச்சு, ரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டினம். கிழமைக்கணக்கிலை நான் நடக்கேல்லை."

அதற்குத்தான் நடந்து வரச் சொன்னாளாம்.

"பெத்தவ எங்கை நிண்டவ?" என்று மச்சாள் தமிழில் கேட்டா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தலைமாட்டிலை. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ." கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ரை அம்மா கெட்டவ இல்லை, சிஸ்டர். வெட்டாட்டில் ஒருத்தனும் கட்டமாட்டான், ஊர் காறித் துப்பும் எண்டு பயந்தவ. அன்பிலைதான் செய்தவ. அதுதான் எனக்கு ஆத்திரம். அன்பிலை செய்தால் ஆரோடை போய்ச் சண்டை பிடிக்கிறது?"

எல்லாருக்குமா என்று கேட்டேன். டிவியில் கேட்டதுதான், ஆனால் அவள் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"வெட்டாத பொம்பிளையை எங்கடை ஊரிலை நீ தேடித்தான் பிடிக்கவேணும். எங்கடை வகுப்பிலை ஒருத்திக்கு மட்டும் செய்யேல்லை. நாங்கள் பண்ணின பகிடி தாங்கேலாமல் அவளே போய்த் தாயைக் கெஞ்சிச் செய்விச்சவள். நானும் சேர்ந்துதான் பகிடி பண்ணினனான்." வேதத்தில் இப்படி ஒரு கட்டளை இல்லை என்று அவளுடைய கணவரே சொல்வாராம். இங்கே வந்த பிறகு பலர் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள், விட்டதை மட்டும் வெளியே சொல்லமாட்டார்கள் என்றாள். சிலர் விடவில்லை. லீவுக்குப் போன பிள்ளைகள் சிரிப்பில்லாமல் திரும்பி வந்ததை அவள் கண்டிருக்கிறாள்.

"அண்டையிலை இருந்து இண்டை வரைக்கும் வோஷ்ரூமுக்குப் போனால் எனக்குப் பதினைஞ்சு நிமிசம். துளித்துளியாய்த்தான் போகும்."

ஐயோ கடவுளே என்று எனக்குள் ஏதோ அறுந்தது. தலையணி! அந்த வார்த்தையை நான் எந்த நாக்கால் சொன்னேன்? எழுந்து அவளுடைய கையைப் பிடித்து, பேக்கரியில் நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கையை இழுக்கவில்லை.

"பாஷை விளங்காட்டிலும் சிரிப்பு விளங்கும், சிஸ்டர்" என்றாள்.

விளங்கித்தான் இவ்வளவு நாளும் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். அப்படிக் கேலி செய்த ஒருத்தியின் பிள்ளை கத்தியதும் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்திருக்கிறாள். என் பிள்ளைக்காகப் பொலிசைக் கூப்பிடப் போனவள் அவள் ஒருத்திதான். அப்படி ஒரு மனுசியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மகள் வாசலில் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள். "அம்மா, நீங்கள் எனக்குச் செய்ததும் உதுதானே?" என்று என்னை முறைத்தாள். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. காட்டுச் சனம் என்று மேசையில் அடித்துப் பேசிய எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னைக் காப்பாற்றியதும் அவள்தான்.

"இல்லை மகள். முட்டை குடிச்சால் குமட்டிச் சத்தி வரும், அவ்வளவுதான். அதையும் இதையும் ஒண்டாக்காதை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனால் பிள்ளை வேண்டாம் எண்டு கத்தேக்கை, கையை விடு."

மச்சாள் மிச்ச முட்டைகளை எடுத்துப் பொரித்தா. திரைச்சீலையையும் மச்சாளே திறந்துவிட்டா. மகள் அடுத்த நாளே பள்ளிக்கூடம் போனாள்.

ஆடி மாத லீவுப் பயணத்தைப் பற்றி அவள் சொன்னதும் அன்றுதான். அவளுடைய கணவருக்குத் தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டா. தாய்க்குத் தாயாக வளர்த்தது ஒட்டாவாவில் இருக்கும் அக்கா. அந்த அக்கா லீவுக்குப் பிள்ளையை நைரோபியில் இருக்கும் சொந்தக்காரரிடம் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம். பயணத்துக்குப் பதிவு செய்யவென்று கேட்க, இந்த மனிதர் பிள்ளையின் பாஸ்போட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "அக்காவுக்கு எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?" என்று கேட்டாராம். எனக்கும் மச்சாள், அவளுக்கும் மச்சாள். என்னுடைய மச்சாளிடம் நான் முட்டைக்கே எதிர்த்துப் பேசவில்லை. அவளோ கணவரிடம் சொல்லியிருந்தாள்: "நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுறன். நான் சொல்லியும் கேளாட்டில் பொலிசு சொல்லும். உங்களையும் சேர்த்துத்தான் பிடிச்சுக் குடுப்பன்." அந்த மனிதரில் அவளுக்கு உயிர். அது எனக்கு நன்றாகத் தெரியும். பொலிசு வந்தால் குடும்பமே சிதறிப்போகலாம் என்று அவளுக்குப் பயமும் இருந்தது. இருந்தும் சொன்னாள்.

திங்கட்கிழமை பேக்கரியில் நான் அவளுக்குப் பக்கத்து இடத்துக்கு மாறி நின்றேன். அவளுடைய கதை என்னுடையதல்ல, ஆகவே சொல்லவில்லை. "அவவுக்கு உடம்பிலை ஒரு வருத்தம். பதினைஞ்சு நிமிசம் எடுக்கும். அந்த நேரம் அவவின்ரை பாண் என்ரை பாண். ஆருக்கும் ஏதும் பகிடி இருந்தால் என்னட்டைச் சொல்லுங்கோ" என்றேன். என் வாயைத் தெரிந்தவர்கள் ஆகையால் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. அவள் போய் வரும் வரைக்கும் இரண்டு பேரின் பாணையும் கட்டினேன். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்று என் தோள்மூட்டுக்குத் தெரிந்தது.

ஆடியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒட்டாவாவிலிருந்து அந்த அக்கா வந்து இறங்கினா. அவள் வந்து என் கதவைத் தட்டினாள். "வந்து என்னோடை இரு. நீ ஒண்டும் கதைக்க வேண்டாம்."

போனேன். வெறுக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் அந்த மனுசியை வெறுக்க முடியவில்லை. உயரமான, வாசனையான, களைத்த மனுசி. பிள்ளைக்குச் சட்டையும் தோடும் கொண்டுவந்திருந்தா. என்னைக் கண்டதும் எழுந்து நின்று கையைப் பிடித்தா. மடியில் கைப்பை. அதற்குள்தான் பாஸ்போட் இருந்தது. தம்பிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றவர், பிறகு வேலைக்கு என்று நழுவிவிட்டார்.

அவர்கள் இருவரும் தங்கள் பாஷையில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று எனக்கு விளங்கியதெல்லாம் குரல்தான். ஒரு குரலும் உயரவில்லை.

"நீயும் நானும் செத்தே போனம்?" என்று அக்கா கேட்டிருக்கிறா. "நாங்கள் பிள்ளை பெறேல்லையே? நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்? அப்ப ஆரிட்டைப் போய் நிப்பாய்?"

"கட்டாட்டில் என்னோடை இருப்பாள்" என்றிருக்கிறாள் இவள். "நான் உங்களை மதிக்கிறன். என்ரை மனுசனை வளர்த்த கை உது. ஆனால் என்ரை பிள்ளையைத் தரமாட்டன்."

அக்கா கைப்பையைத் திறக்கவில்லை. பயணத்துக்கு எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது, சொந்தக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது என்றா. தேநீரில் கையே வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. பிள்ளை. கீழே விளையாடிக்கொண்டிருந்தவள், எலிவேட்டர் பழுது என்று ஒன்பது மாடியும் ஏறி ஓடிவந்திருக்கிறாள். அடக்கிக்கொண்டு கால் மாறிக் கால் துள்ளினாள். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு நேரே வோஷ்ரூமுக்குள் பாய்ந்தாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டது போலச் சர்ரென்று சத்தம். தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம். அடுத்த நொடி வெளியே வந்து, ஒரு சம்பூசாவைப் பறித்து வாயில் வைத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். "கை கழுவினனியோ?" என்று தாய் கத்தியபோது பிள்ளை படிக்கட்டில். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அவள் தன் மச்சாளைப் பார்த்து மிக மெதுவாக ஏதோ சொன்னாள்.

"கேட்டியளோ? உதைத்தான் நான் காவல் காக்கிறன்." இதைத்தான் சொன்னாளாம். பிறகு கேட்டாளாம்: "உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும், மச்சாள்?"

அக்கா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு எழுந்து, கைப்பையோடு வோஷ்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினா. நாங்கள் இருவரும் இருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கீழே பிள்ளைகள் கத்துவது கேட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தேநீரில் ஆடை படர்ந்தது. இவ்வளவு நேரத்தில் எத்தனை பாண் கட்டியிருப்பேன் என்று யோசித்தேன்.

கதவு திறந்தது. அக்கா முகம் கழுவியிருந்தா, கண் சிவந்திருந்தது. வந்து உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, பாஸ்போட்டை எடுத்துச் சம்பூசாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தா. ஒரே ஒரு வசனம் சொன்னா. பிறகு ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தா.

அந்த வசனத்தின் அர்த்தத்தை அடுத்த நாள் லோண்டரி அறையில், பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டு அவள் எனக்குச் சொன்னாள்.

"எனக்கு இருபது நிமிசம்."